எண்பதும் நூறும்

பெனடிக்ட் கோயம்புத்தூர் போன மறுநாள் காலை லேப்டாப்பைத் திறந்தபோது சார்ஜ் நூறு என்று காட்டியது. கிளமென்ட் அந்த எண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். முந்தின நாள் சாயங்காலம் அவர்தான் நூறில் வைத்துவிட்டு எழுந்தார். அது நூறாகவே இருப்பதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஆனால் நான்கு வருஷத்தில் ஒரு காலையிலும் அப்படி இருந்ததில்லை.

அந்த லேப்டாப்பில் பேட்டரிக்கென்று ஒரு பக்கம் உண்டு. அதில் மூன்று வட்டங்கள். நூறு, எண்பது, அறுபது. எண்பதைத் தொட்டுவிட்டால் ப்ளக்கில் எத்தனை மணி நேரம் கிடந்தாலும் சார்ஜ் எண்பதோடு நின்றுவிடும். இப்படி வைத்தால் பேட்டரி நாள்பட உழைக்கும் என்று கீழே சின்ன எழுத்தில் போட்டிருக்கும். அண்ணன் பெனடிக்ட் எண்பது கட்சி. தம்பி கிளமென்ட் நூறு கட்சி. பகல் முழுவதும் லேப்டாப் தம்பியிடம். வேலை முடித்து எழும்போது நூறில் வைத்துவிட்டு எழுவார். சாயங்காலப் பூசைக்குப் போய் வந்த பிறகு அண்ணன் வந்து உட்காருவார். முதல் வேலையாக வயரைப் பிடுங்குவார். சார்ஜ் எண்பதுக்கு இறங்கும்வரை சீட்டு விளையாடுவார். இறங்கியதும் எண்பது வட்டத்தைத் தொட்டு, வயரை மறுபடி மாட்டிவிட்டுச் சாப்பிடப் போவார்.

இதைப் பற்றி இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. எதைப் பற்றியும் பேசிக்கொண்டதில்லை. பேச்சு நின்று ஆறு வருஷம் ஆகிறது.

அம்மா, வீடு இருக்கும் திருச்சி புத்தூரிலேயே ஒரு ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் கிடந்தார். மகன்கள் இரண்டு பேரும் முறை வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். கடைசி ராத்திரி பெனடிக்ட்டின் முறை. இரண்டு மணிக்கு உயிர் போயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு நடந்தால் பத்து நிமிஷம்கூட ஆகாது. பெனடிக்ட் ஆறு மணிக்குத்தான் போன் செய்தார். "நீ அசந்து தூங்கிட்டு இருப்ப, எழுப்ப வேணாம்னு விட்டுட்டேன்" என்றார். அந்த நான்கு மணி நேரத்தை கிளமென்ட்டால் எங்கும் கொண்டுபோய் வைக்க முடியவில்லை. முப்பதாம் நாள் பூசை வரைக்கும் அது கோபமாக இருந்தது. பிறகு பழக்கமாகிவிட்டது. கோபத்தை விடலாம். பழக்கத்தை எப்படி விடுவதென்று அவருக்குத் தெரியவில்லை.

இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆகவில்லை. அதற்குப் பெரிய கதை ஒன்றும் கிடையாது. பார்த்தார்கள், தள்ளிப்போயிற்று, பிறகு யாரும் பார்க்கவில்லை. அப்பா கட்டின வீடு. இரண்டு அறை, ஒரு ஹால். ஒரு நாள் விட்டு ஒரு நாள் சமையல். கூட்டிப் பெருக்கவும் பாத்திரம் கழுவவும் வீராயி வருவாள். சேதிகள் அவள் வழியாகத்தான் போகும்.

"பெரியவரு கேக்குறாரு, கேஸு புக் பண்ணியாச்சான்னு."

பெரியவர் மூன்றடி தள்ளி பேப்பர் படித்துக்கொண்டிருப்பார்.

"பண்ணியாச்சுன்னு சொல்லு."

"அவருக்குக் காதுல விழுந்திருச்சு. நான் வேற சொல்லணுமாக்கும்" என்று வீராயி துடைப்பத்தைத் தரையில் தட்டுவாள். "உங்க ரெண்டு பேருக்கு நடுவுல தபால் குடுக்குறதுக்குத் தனியா ஒரு ஆள் வைங்க. எனக்குப் பெருக்குற வேலையே சரியா இருக்கு."

பெனடிக்ட் துவாக்குடியில் ஒரு இன்ஜினியரிங் கல்லூரியில் லேப் டெக்னீஷியனாக முப்பத்து மூன்று வருஷம் இருந்தவர். அங்கே ஓர் அறை நிறையப் பேட்டரிகள் அவர் பொறுப்பில் இருந்தன. ஒவ்வொன்றாக மூடியைத் திறந்து பார்ப்பதும், டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றுவதும், அளந்து நோட்டில் எழுதுவதும்தான் அவருடைய நாள். ஓய்வு பெற்ற வாரம் அந்த லேப்டாப்பை வாங்கிக்கொண்டு வந்தார். அதே மாதம்தான் கிளமென்ட்டின் பழைய கம்ப்யூட்டர் புகை வந்து நின்றுபோயிருந்தது. கிளமென்ட்டுக்கு வீட்டிலிருந்தபடியே பக்கம் வடிவமைக்கிற வேலை. கல்யாணப் பத்திரிகை, கோயில் மலர், திருவிழா நோட்டீஸ், சில சமயம் ஒரு கவிதைப் புத்தகம். கம்ப்யூட்டர் இல்லாமல் நான்கு நாள் சும்மா உட்கார்ந்திருந்தார். ஐந்தாம் நாள் ஹால் மேசையில் ஒரு அட்டைப்பெட்டி இருந்தது. யாருக்கு வாங்கியது என்று பெனடிக்ட் யாரிடமும் சொல்லவில்லை. வீராயியிடம்கூட. கிளமென்ட் அரை நாள் அதைச் சுற்றிச் சுற்றி வந்துவிட்டுப் பிரித்தார்.

நூறு வேண்டும் என்பதற்கு அவரிடம் ஒரு காரணம் இருந்தது. புத்தூர் பக்கம் மாதத்தில் ஒரு நாள் பராமரிப்பு என்று கரண்டை நிறுத்துவார்கள். காலை ஒன்பதே முக்காலுக்குப் போனால் சாயங்காலம் நாலு மணிக்குத்தான் வரும். எண்பதில் ஆரம்பித்தால் லேப்டாப் மூன்று மணி நேரம் ஓடும். நூறில் ஆரம்பித்தால் நாலு மணி நேரத்துக்குப் பக்கத்தில் வரும். அந்த ஒரு மணி நேரம்தான் கிளமென்ட்டின் வாதம். மாதத்தில் ஒரு நாளுக்காக மீதி நாளெல்லாம் பேட்டரியை ஏன் வதைக்க வேண்டும் என்பது பெனடிக்ட்டின் வாதமாக இருந்திருக்கும். இரண்டு வாதத்தையும் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஒருவர் ஏற்றுவார், ஒருவர் இறக்குவார். காலையில் எண்பதைப் பார்த்ததும் கிளமென்ட்டுக்கு எரிச்சல் வரும். அந்த எரிச்சலோடுதான் காபி குடிப்பார்.

ஜனவரியில் பெனடிக்ட்டுக்கு இரண்டு கண்ணிலும் புரை என்றார்கள். கோயம்புத்தூரில் தங்கை மகள் ஜெஸ்லின் இருக்கிறாள். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே வீடு. அங்கே வந்து செய்துகொள்ளட்டும் என்று கூப்பிட்டாள். கிளம்புகிற அன்று கையில் பையோடு அவர் மேசைப் பக்கம் வந்து நின்றார். கிளமென்ட் ஒரு பூப்புனித நீராட்டு விழாப் பத்திரிகையில் வளைவு எழுத்து போட்டுக்கொண்டிருந்தார், திரும்பவில்லை. ஆட்டோக்காரர் வெளியே ஹாரன் அடித்தார். பெனடிக்ட் போய்விட்டார்.

மறுநாள் நூறு. அதற்கு மறுநாளும் நூறு.

ஒரு வாரம் ஜெயித்த மாதிரிதான் இருந்தது. இரண்டாம் வாரம் ஒரு சாயங்காலம், ஏனென்று தெரியாமல், வயரைப் பிடுங்கி, எண்பதுக்கு இறங்கும்வரை காத்திருந்து, எண்பதில் வைத்தார். காலையில் எழுந்து, எண்பதைப் பார்த்து, நூறாக்கினார். இரண்டு நாள் இப்படிச் செய்தார். மூன்றாம் நாள் யாரோ தன்னைப் பார்த்துவிட்டதுபோல் வெட்கமாக இருந்தது. நூறிலேயே கிடக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

சமையல் மட்டும் பழைய கணக்குப்படியே நடந்தது. தன் முறை நாளில் சமைப்பார். அண்ணன் முறை நாளில் அடுப்பைப் பற்ற வைக்கமாட்டார். நால்ரோட்டில் இட்லி வாங்கி வந்து சாப்பிடுவார். வீராயி இதைக் கண்டுபிடிக்க ஒரு மாதம் ஆயிற்று.

"ஆளு இல்லாதப்ப எதுக்குங்க முறை?"

"இன்னிக்கு எனக்கு வேலை இருக்கு."

"நேத்தும்தான் வேல இருந்துச்சு. நேத்து ஆக்குனீங்கல்ல."

வீராயி இரண்டு தட்டில் ஒன்றைக் கழுவிக் கவிழ்த்தாள். இன்னொன்றில் தூசி இருந்தது. அதையும் கழுவி வைத்தாள்.

பிப்ரவரியில் ஒரு கண் ஆயிற்று. மார்ச்சில் இன்னொரு கண். ஏப்ரலில் பெனடிக்ட் வந்திருக்க வேண்டும், வரவில்லை. மே மாதம் இரண்டாம் வாரம் ஜெஸ்லின் போன் செய்தாள்.

"சின்ன மாமா, பெரிய மாமா இங்க ஒரு ஹோம் பாத்துட்டு வந்திருக்காங்க. சிஸ்டர்ஸ் நடத்துறது. ஒரு ரூம் காலியா இருக்காம். மாசக் கடைசிக்குள்ள முடிவு சொல்லணுமாம்."

"உன் வீட்ல என்ன?"

"இங்க எத்தன நாள் இருக்க முடியும்னு கேக்குறாங்க. திருச்சிக்குப் போங்க மாமான்னா, அங்க போய் சுவத்தப் பாத்துட்டு உக்காரவான்னு கேக்குறாங்க."

கிளமென்ட் போனை ஒரு காதிலிருந்து இன்னொரு காதுக்கு மாற்றினார்.

"மாமா, நீங்க ஒரு போன் பண்ணுங்க. ஒரே ஒரு போன். வான்னு சொன்னா போதும், பொட்டியத் தூக்கிட்டு வந்துருவாங்க. அவங்க வாயாலயே சொன்னாங்க. அவன் கூப்பிட்டா போவேன்னாங்க. நான் சொன்னேன்னு சொல்லிராதீங்க."

"பாக்கலாம்மா."

"முப்பத்தொண்ணாந் தேதி மாமா."

"சரிம்மா. பாக்கலாம்."

போனை வைத்துவிட்டு அண்ணன் எண்ணைத் தேடிப் பார்த்தார். இருந்தது. ஆறு வருஷமாக அழுத்தாத எண். கூப்பிட்டு என்னவென்று ஆரம்பிப்பது? 'வா' என்று சொல்வதற்கு முன்னால் ஒரு வாக்கியம் வேண்டுமே. அந்த முதல் வாக்கியம் கிடைக்கவில்லை. ஒவ்வொரு நாளும் நாளைக்கு என்று வைத்தார்.

இருபத்தாறாம் தேதி புத்தூரில் கரண்ட் இல்லாத நாள். கிளமென்ட் லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு ஸ்ரீரங்கம் கிளம்பினார். அங்கே சித்திரை வீதியில் சடகோபன் என்பவர் இருக்கிறார். கோயில் உற்சவங்களுக்கு நோட்டீஸும் சின்னப் புத்தகங்களும் போடுவார். அவரிடம் வேலை இருக்கிற மாதங்களில் கரண்ட் இல்லாத நாளை கிளமென்ட் அவருக்கென்று ஒதுக்கி வைத்திருந்தார். புத்தூரில் நிறுத்துகிற அன்றைக்கு ஸ்ரீரங்கத்தில் இருக்கும். எதிரே உட்கார வைத்துக்கொண்டு திருத்தங்களை அங்கேயே முடித்துவிடலாம். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் ஏறினார். பாலத்தின் மேல் போகும்போது காவிரி வெறும் மணலாகக் கிடந்தது. பஸ்ஸுக்குள் கம்பியைத் தொட முடியவில்லை, அப்படிச் சுட்டது.

சடகோபன் மின்விசிறிக்குக் கீழே இடம் போட்டுக் கொடுத்தார். ஆனி மாத ஜ்யேஷ்டாபிஷேக உற்சவத்துக்கு நோட்டீஸ். கிளமென்ட் லேப்டாப்பை மேசையில் வைத்துத் தட்டச்சு செய்ய ஆரம்பித்தார். ஒவ்வொரு தட்டுக்கும் அது இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது.

"என்னங்காணும், உம்ம பெட்டி ஊஞ்சல் ஆடறதே?"

"மேசை சரியில்லையோ என்னவோ."

"மேசை எங்க தோப்பனார் காலத்து மேசை. நாற்பது வருஷமா ஆடலை. உம்ம பெட்டியைப் பாரும்."

பார்த்தார். அடிப்பக்கம் நடுவில் புடைத்திருந்தது. விரலால் தேய்க்கிற இடம் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. சில நாளாக அது அழுந்தவில்லை. மவுஸைச் செருகிக்கொண்டு வேலை பார்த்ததில் கவனிக்கவில்லை.

"தமையனார் வந்தாச்சோ?" என்று சடகோபன் கேட்டார்.

"இல்லைங்க."

"ஜனவரில போனவர்னா! நம்பெருமாள் இன்னொரு நாச்சியாரைப் பாக்க உறையூர் போறார், ஒரே நாளில் திரும்பிடறார். இங்கே இருக்கற நாச்சியார் கோவிச்சுண்டு கதவைச் சாத்தினாலும், சமாதானம் சொல்லிண்டு உள்ளே வந்துடறார்." சிரித்துவிட்டு, எதிரில் இருப்பவர் சிரிக்காததைப் பார்த்து, "தப்பா எடுத்துக்காதேயும்" என்றார்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க."

திருத்தங்களைக் காகிதத்திலேயே குறித்துக்கொண்டு கிளம்பினார்.

சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு வணிக வளாகத்தின் முதல் மாடியில் லேப்டாப் பழுது பார்க்கிற கடை ஒன்று. நடத்துகிற பெண் அல்ஷிஃபா. முப்பது வயது இருக்கும். கிளமென்ட் கீபோர்டு மாற்ற ஒரு தடவை வந்திருக்கிறார். அவள் லேப்டாப்பைத் தட்டையாக மேசையில் வைத்து, கண் மட்டத்துக்குக் குனிந்து பார்த்தாள்.

"அல்லா. இத வச்சுக்கிட்டா சார் பஸ்ல வந்தீங்க?"

"ஏன்மா?"

அவள் திருகுகளைக் கழற்றி அடிமூடியை எடுத்தாள். பேட்டரி எண்ணெயில் போட்ட அப்பளம்போல் உப்பியிருந்தது. "இனி இத ப்ளக்ல போடக்கூடாது. அழுத்தவும் கூடாது. தீப்புடிச்சுக்கும்." பிளாஸ்டிக் கத்தியால் மெல்ல நெம்பி வெளியே எடுத்து, வாசலில் ஒரு மணல் வாளியில் கொண்டுபோய் வைத்தாள். பிறகு லேப்டாப்பை வயரில் மட்டும் ஓடவிட்டு ஏதோ ஒரு கட்டளை கொடுத்தாள். வரிசையாகத் தேதிகளும் எண்களும் வந்தன.

"இது பேட்டரியோட ஜாதகம் சார். வாரா வாரம் எவ்ளோ சார்ஜ் புடிக்குதுன்னு அதுவே எழுதி வச்சிருக்கும். இங்க பாருங்க. வாங்கினதுலேருந்து நாலு வருஷம், கொஞ்சம் கொஞ்சமாத்தான் எறங்கியிருக்கு. நான் பாத்ததுலயே இவ்ளோ நல்லா வச்சிருந்த ஆள் கெடையாது. என்ன பண்ணீங்க, எண்பதுல நிறுத்தி வச்சீங்களா?"

ஆமாம் என்று கிளமென்ட் தலையை ஆட்டினார்.

"அப்புறம் இந்த ஜனவரிலேருந்து பாருங்க. சொய்ங்னு விழுந்துருச்சு. என்ன சார் ஆச்சு ஜனவரில?"

அவர் திரையில் அந்தத் தேதியைப் பார்த்தார். அண்ணன் கிளம்பிப்போன வாரம் அது.

"நூறுல இருந்துச்சு" என்றார்.

"எப்பவுமா? ப்ளக்லயே போட்டு நூறுலயேவா? அதுவும் இந்த வெயில்ல." அவள் மேலே கேட்கவில்லை. "புதுசு மெட்ராஸ்லேருந்து வரணும். மூணு நாளாகும். பழைய செட்டிங்க எல்லாத்தையும் ஒரு தடவ அழிச்சுட்டுத்தான் மாட்டுவேன். மாட்டும்போது லிமிட் வச்சே குடுத்துர்றேன். எவ்ளோ வைக்கட்டும்? எப்பவும் வீட்லயே ப்ளக்ல இருக்குமா, வெளிய எடுத்துட்டுப் போவீங்களா?"

"வீட்ல கேட்டுட்டு சொல்றேம்மா."

"சரி சார். கேட்டுட்டு சொல்லுங்க."

படியில் இறங்கும்போதுதான் சொன்னது அவருக்கு உறைத்தது. வீட்டில் யாரைக் கேட்பது?

மூன்று நாள் மேசை வெறுமையாக இருந்தது. லேப்டாப் இருந்த இடத்தில் நீள்சதுரமாகத் தூசி படியாத ஒரு தடம். வீராயி அதைத் துடைக்க வந்தபோது வேண்டாம் என்றார். ஏன் என்று அவள் கேட்கவில்லை. இப்போதெல்லாம் அவளும் அதிகம் பேசுவதில்லை. சேதி கொண்டுபோக ஆள் இல்லை.

இருபத்தொன்பதாம் தேதி மதியம் கடையிலிருந்து போன் வந்தது. பேட்டரி வந்துவிட்டது, மாட்டியாயிற்று, லிமிட் மட்டும்தான் பாக்கி. கிளமென்ட் போனார். கடைக்குள் நுழையாமல் மாடிப்படியில் நின்றார். கையில் போன். முதல் வாக்கியம் இப்போது இருந்தது. அழுத்தினார்.

நான்கு தடவை மணி அடித்த பிறகு எடுக்கப்பட்டது.

"ஹலோ."

"நான்தான்."

அந்தப் பக்கம் குக்கர் விசில் ஒன்று கேட்டு அடங்கியது.

"சொல்லு."

"லேப்டாப் பேட்டரி உப்பிருச்சு."

"எந்தப் பக்கம்?"

"நடுவுல. விரல் தேய்க்கிற எடம் தூக்கிருச்சு."

"அதுக்கப்புறம் ப்ளக்ல போட்டியா?"

"இல்ல. மாத்தியாச்சு. எவ்ளோ வைக்கணும்னு கடைல கேக்குறாங்க."

பெனடிக்ட் தொண்டையைச் செருமினார். குரல் மாறியது. துவாக்குடி குரல். மாணவர்களிடம் பேசுகிற குரல். கிளமென்ட் அதைக் கேட்டு எவ்வளவோ காலம் ஆகிவிட்டது.

"மேசைலயேதான் இருக்கு எப்பவும்?"

"ஆமா. மாசம் ஒரு நாள் ஸ்ரீரங்கம் எடுத்துட்டுப் போறது."

"அது தெரியும். மேசைலயே இருக்கறதுக்கு அறுபதே போதும். உனக்கு அறுபது பத்தாது. எண்பதுல வை."

"சரி."

"அடில காத்துப் போகணும். துணி விரிச்சு அதுமேல வைக்காத. உனக்கு அந்தப் பழக்கம் உண்டு."

"சரி."

"இருவதுக்குக் கீழ எறங்க விடாத. ஏறுறதும் தப்பு, சுத்தமா எறங்குறதும் தப்பு."

"சரி."

மாடிப்படியில் இரண்டு கல்லூரிப் பெண்கள் இவரைத் தாண்டிக்கொண்டு மேலே போனார்கள். பஸ் ஸ்டாண்டில் ஒரு கண்டக்டர் துறையூர் துறையூர் என்று கூவிக்கொண்டிருந்தார்.

"வேற?" என்றார் பெனடிக்ட்.

சொல்ல வேண்டியது ஒரே ஒரு சொல். கிளமென்ட்டின் நாக்கு வரை அது வந்துவிட்டது. "வேற..." என்றார்.

"சொல்லு."

"வீராயி உன்னக் கேட்டுச்சு."

"ம்."

"கண்ணு எப்படி இருக்கு?"

"நல்லாத் தெரியுது." கொஞ்சம் பொறுத்து மறுபடி, "வேற?"

அவர் காத்திருந்தார். காத்திருக்கிறார் என்பது கிளமென்ட்டுக்குத் தெரிந்தது. மூச்சு கேட்டது.

"வேற ஒண்ணுமில்ல."

"சரி. வச்சிர்றேன்."

மூன்று நிமிஷம் பன்னிரண்டு வினாடி என்று போன் காட்டியது. கிளமென்ட் மேலே போனார்.

"கேட்டுட்டீங்களா சார்?"

"எண்பது."

"கரெக்டா சொல்லியிருக்காங்க" என்றாள் அல்ஷிஃபா.

அடுத்த இரண்டு நாளில் பல தடவை போனை எடுத்தார். இந்தத் தடவையும் முதல் வாக்கியம் இல்லை. அதைப் பேட்டரிக்கே செலவழித்துவிட்டார். முப்பத்தொன்றாம் தேதி சாயங்காலம் ஜெஸ்லின் ஒரு படம் அனுப்பினாள். ஒரு கட்டில், ஒரு மேசை, ஜன்னலுக்கு வெளியே தென்னை. 'பெரிய மாமா கையெழுத்துப் போட்டாச்சு' என்று கீழே எழுதியிருந்தாள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். மேசைக்கு மேலே சுவரில் ஒரு ப்ளக் பாயிண்ட் இருந்தது. அதில் எதுவும் மாட்டியிருக்கவில்லை.

ஜூனில் கரண்ட் நிறுத்துகிற நாளன்று சடகோபனுக்கு வேலை எதுவும் இல்லை. கிளமென்ட் வீட்டில் இருந்தார். ஒன்பதே முக்காலுக்கு மின்விசிறி மெதுவாகி நின்றது. பத்து மணிக்கு போன் அடித்தது.

"இன்னிக்கு அங்க கரண்ட் இருக்காதே" என்றார் பெனடிக்ட்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"திருச்சி பேப்பர போன்ல பாப்பேன். எவ்ளோ வச்சிருக்க?"

"எண்பது."

"நல்லது."

கிளமென்ட் ஏதாவது வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. எண்பது சரியான பதில். சரியான பதிலுக்குப் பிறகு சொல்வதற்கு ஒன்றும் இல்லை.

"சரி, அப்ப வைக்கிறேன்" என்றார் பெனடிக்ட்.

நாற்பது வினாடி. பன்னிரண்டே முக்காலுக்கு லேப்டாப் இருபதைத் தொட்டது. மூடி வைத்தார். கரண்ட் வரும் வரை ஹாலில் உட்கார்ந்திருந்தார். பக்கத்து வீட்டில் யாரோ இஞ்சி தட்டுகிற சத்தம் கேட்டது. அன்றைக்கு அண்ணன் முறை. இட்லி வாங்கக்கூடப் போகவில்லை.

அதற்குப் பிறகு ஒரு மாதம் போன் வரவில்லை. லேப்டாப் எண்பதிலேயே இருந்தது. காலையில் எண்பது, சாயங்காலமும் எண்பது. ஏற்ற ஆளில்லை, இறக்க ஆளில்லை. துணி விரிக்காமல் வெறும் மேசையில் வைத்தார். வெயில் நேராக விழும் நேரத்தில் ஜன்னலைச் சாத்தினார். ஆஸ்பத்திரியில் ஒரு ஆளைப் பார்த்துக்கொள்வதுபோல் பார்த்துக்கொண்டார்.

ஜூலையில் காவிரியில் தண்ணீர் வந்துவிட்டது என்று வீராயி சொன்னாள். கரண்ட் நிறுத்தும் நாளன்று சடகோபன் வரச் சொல்லியிருந்தார். மத்தியானத்துக்கு மேல் வருகிறேன் என்று கிளமென்ட் சொல்லிவிட்டார். காலையிலேயே குளித்து, சட்டை மாற்றி, மேசைக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். ஒன்பதே முக்காலுக்குக் கரண்ட் போயிற்று. பத்து மணி ஆயிற்று. பத்து ஐந்து. பத்தே காலுக்கு போன் அடித்தது. மூன்று தடவை அடிக்கட்டும் என்று விட்டு எடுத்தார்.

"கரண்ட் போயிருச்சா?"

"போயிருச்சு."

"எவ்ளோ வச்சிருக்க?"

கிளமென்ட் திரையின் மூலையைப் பார்த்தார். எழுபத்திரண்டு என்று இருந்தது. எண்பதில் ஆரம்பித்து அரை மணி நேரத்தில் இறங்கியது.

"நூறு" என்றார்.

மறுபக்கம் மூச்சை இழுக்கிற சத்தம் கேட்டது.

"நூறா?"

"ஆமா."

"புது பேட்டரிலயா? எண்பதுல வைன்னு சொன்னேன்ல? அன்னிக்கு சரி சரின்னு கேட்டுட்டு இப்ப நூறுங்குற. ஏண்டா, ஒண்ண உப்ப வச்சது பத்தாதா? எப்ப மாத்துன?"

"போன வாரம்."

"போன வாரமா! ஒரு வாரமா நூறுல கெடக்குதா?" குரல் ஏறியது. யாரோ ஒரு சிஸ்டர் அங்கே என்ன சத்தம் என்று கேட்பதும், ஒண்ணுமில்ல சிஸ்டர், தம்பிகிட்ட பேசிட்டு இருக்கேன் என்று அவர் சொல்வதும் கேட்டது. பிறகு மறுபடி ஆரம்பித்தார். "இங்க பாரு. துவாக்குடில எங்க லேப்ல ஒரு வரிசை இருந்துச்சு, பன்னெண்டு பேட்டரி. புதுசா வந்த ஒருத்தன் வெள்ளிக்கிழம சார்ஜ்ல போட்டுட்டுப் போனவன், திங்கக்கிழமதான் வந்து பாத்தான்..."

கிளமென்ட் காலை நீட்டி, நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். மாத்திடறேன் என்று மட்டும் சொல்லவில்லை.

"கேக்குதா இல்லியா?" என்றார் பெனடிக்ட்.

"கேக்குது. சொல்லு."